கீழாநெல்லி ஒன்றல்ல

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கத்தரிப் பாத்தியின் வரப்போரம் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கியதில் ஒரு செடியை மட்டும் மண்ணை உதறி மடியில் சேர்த்துக்கொண்டார். பேரனுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம். டாக்டரிடம் காட்டி ரத்தம் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும், அதுவரை மோரில் அரைத்துக் கொடுக்கலாம் என்று கீழாநெல்லி பறிக்கிறார்.

"கொஞ்சம் குடுங்க பெரியம்மா, பாத்துட்டுத் தரேன்."

"பாக்க என்ன தம்பி இருக்கு? இலைக்குக் கீழ காய் இருக்கு. கீழாநெல்லிதான்."

திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து அந்தப் பிடிச் செடியைப் பரப்பினேன். பதினான்கு செடிகள். கை லென்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்ததில் மூன்று குவியல் சேர்ந்தது. பெரிய குவியலில் ஒன்பது, அடுத்ததில் மூன்று, கடைசியில் இரண்டு. எல்லாமே இலைக்குக் கீழே காய்த்தவைதான். ஆனாலும் மூன்றும் மூன்று தனி இனங்கள்.

பெரியம்மா நம்பவில்லை. "ஒரே பாத்தியில முளைச்சது. ஒரே மாதிரி இருக்கு. எப்படித் தம்பி வேற வேறயா இருக்கும்?"

நியாயமான கேள்வி. தாவரவியல் படித்தவர்களே இருநூறு ஆண்டுக்கு மேல் தடுமாறிய கேள்வி அது.

*

முதலில், பெரியம்மா சொன்னதில் எவ்வளவு சரி என்று பார்த்துவிடலாம். கீழாநெல்லி என்ற பெயரைச் சூட்டியவர்கள் செடியை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். 'கீழ்' என்றது காய் தொங்கும் இடத்தை. 'நெல்லி' என்றது காயின் வடிவத்தை மட்டும் அல்ல என்றே நான் நினைக்கிறேன். நெல்லி மரத்தின் ஒரு மிலாறை ஒடித்து கீழாநெல்லியின் கிளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மெல்லிய ஈர்க்கு, அதன் இருபுறமும் வரிசை பிடித்த சிற்றிலைகள். நாற்பதடி மரத்தையும் முழங்கால் உயரக் களையையும் ஒரே குடும்பமாக நம்மவர்கள் கண்டார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் தன் நூலில் செய்ததும் அதுதான். நெல்லியையும் கீழாநெல்லி வகைகளையும் பில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இலைப்பூ என்று அந்தக் கிரேக்கச் சொல்லைப் பெயர்க்கலாம்.

அந்தக் கிளையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்த்தவுடன் அது புளிய இலை போல, பல சிற்றிலைகள் கொண்ட ஒரே கூட்டிலையாகத் தெரியும். உண்மையில் அது ஒரு சிறுகிளை. அதிலுள்ள ஒவ்வொன்றும் தனித்தனி முழு இலை. சந்தேகம் இருந்தால் ஒவ்வோர் இலையின் கக்கத்தையும் பாருங்கள். கூட்டிலையின் சிற்றிலை அடியில் பூவோ மொட்டோ வராது. கீழாநெல்லியில் ஒவ்வோர் இலைக்கடியிலும் பூ வருகிறது. நடுத்தண்டில் இலையே கிடையாது. இலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு செதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கக்கத்திலிருந்துதான் சிறுகிளை கிளம்புகிறது. முதிர்ந்ததும் அந்தச் சிறுகிளை இலை உதிர்வதைப் போலவே முழுசாக உதிர்ந்துவிடும். நெல்லி மரத்தடியில் கோடையில் கூட்டிப் பெருக்கியவர்களுக்குத் தெரியும், உதிர்ந்து கிடப்பவை இலைகள் மட்டுமல்ல, ஈர்க்கு ஈர்க்காக மிலாறுகளும்தான்.

ஆக, வயலில் முளைக்கும் செம்பைக் கன்றையோ புளியங்கன்றையோ ஒதுக்கிவிட்டுக் கீழாநெல்லியைக் கண்டுபிடிக்க, இலைக்குக் கீழே காயைப் பார் என்ற பெரியம்மாவின் விதி போதும். அந்த விதி தரும் விடைதான் நாம் நினைப்பதைவிடப் பெரியது. அது ஓர் இனத்தைக் காட்டுவதில்லை, ஒரு கூட்டத்தையே காட்டுகிறது. நம் ஊர்களில் பாதையோரத்திலும் தோப்பிலும் தொட்டியிலும் முளைக்கும் ஐந்தாறு இனங்கள் அந்த விதிக்குள் அடங்கிவிடுகின்றன.

*

இனி என் பெரிய குவியலுக்கு வருகிறேன். இதன் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பானது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பதும், இன்று மருந்துக்கென்று குறிப்பிட்டுச் சொல்லப்படுவதும் இதுதான்.

ஒரு சிறுகிளையை இலை கவிழும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கிளையை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். லென்ஸைக் கிளையருகே வைத்துக்கொண்டு தலையைத் தூர நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. கிளையின் அடியிலிருந்து, அதாவது நடுத்தண்டோடு ஒட்டும் இடத்திலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று இலைக் கக்கங்களில் ஆண் பூக்கள் மட்டும் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள, வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பூ. அதைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. ஒவ்வொரு கக்கத்திலும் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் ஜோடியாக இருக்கின்றன. பெண் பூவைத் தெரிந்துகொள்வது எளிது. நடுவில் பச்சை நிறச் சூலகம் மூன்று புடைப்போடு உருண்டிருக்கும், உச்சியில் மூன்று சூல்தண்டுகள் சிறிதாகப் பிளந்து நிற்கும். ஆண் பூவின் நடுவில் மகரந்தத்தாள்கள், பெரும்பாலும் மூன்று, காம்புகள் ஒட்டி ஒரே தூணாக எழுந்திருக்கும். நுனி வரைக்கும் கக்கத்துக்கு ஒரு ஜோடி என்று போகும். நுனிக்குப் போகப் போக மொட்டாகச் சிறுத்துக்கொண்டே வரும்.

இப்போது பூவிதழ்களை எண்ணுங்கள். இந்தப் பூக்களில் புல்லி வேறு அல்லி வேறு என்ற பிரிவு இல்லை, ஒரே வட்ட இதழ்கள்தான். அமாரஸில் ஆணுக்கும் ஐந்து, பெண்ணுக்கும் ஐந்து. காய் உருண்டு பருத்த பிறகும் இந்த ஐந்து இதழ்களும் காயின் அடியில் நட்சத்திரம் போல விரிந்து நிற்கும். அதனால் பூ கிடைக்காவிட்டாலும் காயைக் கவிழ்த்து எண்ணலாம். இலை நுனி மழுங்கி உருண்டிருக்கும். காய் வழுவழுப்பாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காம்பில் தொங்கும்.

என் இரண்டாவது குவியலில் எண்ணியபோது ஆறு இதழ்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பூக்கள் அமர்ந்திருந்த ஒழுங்கு. கிளையின் அடிப்பாதிக் கக்கங்களில் ஆண் பூக்கள் இரண்டு மூன்றாகக் கொத்தாக இருந்தன. நுனிப்பாதியில் கக்கத்துக்கு ஒன்றாகப் பெண் பூக்கள். ஜோடி எங்கேயும் இல்லை. இலைகள் இரு முனையிலும் ஒடுங்கிக் கூர்மையாக இருந்தன. இது பில்லாந்தஸ் டெபிலிஸ். டெபிலிஸ் என்றால் நலிந்தது. அந்தப் பெயருக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு மிக நெருங்கிய இன்னொன்று பில்லாந்தஸ் ஃபிரேட்டெர்னஸ், அதாவது சகோதரச் செடி. அதிலும் ஆறு இதழ், அதிலும் அடியில் ஆண், நுனியில் பெண். ஆனால் அதன் இலை நீள்சதுரமாக, நுனி உருண்டு இருக்கும். பெண் பூவின் இதழ்களில் நடுவில் பச்சைக் கோடும் இருபுறமும் அகலமான வெள்ளைக் கரையும் பளிச்சென்று தெரியும். டெபிலிஸில் அந்தக் கரை ஒடுக்கம். வறண்ட வடமேற்கு இந்தியாவில்தான் இது அதிகம். வட இந்தியக் கடைகளில் கீழாநெல்லியாக விற்கப்படும் கட்டுகளில் இதுவும் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பூவை எண்ணிவிட்டு முடிவு கட்டாதீர்கள். செடிகள் எண்களை மனிதர்களைப் போல வைத்துக்கொள்வதில்லை. ஐந்து இதழ் இனத்தில் எப்போதாவது ஒரு பூ ஆறோடு வரும், காற்றில் ஓர் இதழ் உதிர்ந்த ஆறிதழ்ப் பூ ஐந்தாகத் தெரியும். ஐந்தாறு பூக்களை எண்ணுங்கள். பிறகு ஆணும் பெண்ணும் அமர்ந்திருக்கும் ஒழுங்கோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால்தான் பெயர் சொல்ல வேண்டும்.

*

கண்ணை ஏமாற்றும் அடையாளங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் வழக்கமாக முதலில் பார்ப்பவை அவைதான்.

உயரத்தை நம்பக் கூடாது. வாழைத் தோப்பு நிழலில், சொட்டுநீர்க் குழாய்ப் பக்கத்தில் முளைத்த அமாரஸ் ஒன்றரை அடிக்கு மேல் வளர்ந்து, இலைகள் அகன்று வெளுத்து நிற்கும். அதே செடியின் விதை சிமெண்டுத் தளத்தின் விரிசலில் விழுந்தால் நான்கு விரல் உயரத்திலேயே பூத்துக் காய்த்துவிடும். பக்கத்தில் வைத்தால் யாரும் ஒரே இனம் என்று சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வேறுபாடுகளைப் பார்த்து வகை, உள்வகை என்று எத்தனையோ பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு இனத்தின் வேறுபாடா, வளர்ந்த இடத்தின் வேறுபாடா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டின் விதையையும் ஒரே தொட்டி மண்ணில், ஒரே வெயிலில் முளைக்க வைத்தால் போதும். இடத்தால் வந்த வேறுபாடு அடுத்த தலைமுறையிலேயே மறைந்துவிடும். இதழ் எண்ணிக்கையும் பூக்களின் ஒழுங்கும் விதையின் வரிகளும் மறையாது.

நிறத்தையும் நம்பக் கூடாது. 'சிவப்புக் கீழாநெல்லி' என்று ஒன்றைச் சொல்வார்கள். அது பில்லாந்தஸ் யூரினாரியா. தண்டும் காயும் செம்மை படர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் உச்சி வெயிலில் காய்ந்த அமாரஸின் தண்டும் சிவக்கும். நிழலில் வளர்ந்த யூரினாரியா பச்சையாகவே நிற்கும். என் மூன்றாவது குவியலில் இருந்த இரண்டு செடிகள் இப்படிப் பச்சையாக நின்ற யூரினாரியாதான். பெரியம்மாவின் கண்ணுக்கு அவை தப்பியதில் வியப்பில்லை.

அதைப் பிரிக்க விரல் நுனியே போதும். கிளையின் அடிப்பக்கத்தை மெல்லத் தடவினால், காய்கள் தொங்காமல் ஈர்க்கோடு ஒட்டியே உட்கார்ந்திருப்பது தெரியும். காம்பு இல்லை என்றே சொல்லலாம். காயின் மேல் சொரசொரப்பான பொடி முண்டுகள். இலையின் ஓரத்தில் குட்டையான மயிர்கள். லென்ஸில் பார்த்தால் இன்னோர் அதிசயம். பூக்களின் ஒழுங்கு தலைகீழாக இருக்கும். பெண் பூக்கள் அடிப்பக்கம், ஆண் பூக்கள் நுனிப்பக்கம். அமாரஸில் ஜோடி, டெபிலிஸில் அடியில் ஆண் நுனியில் பெண், யூரினாரியாவில் அடியில் பெண் நுனியில் ஆண். ஒரு விரல் நீளக் கிளையில் மூன்று வாக்கியங்கள் போல அவை எழுதப்பட்டிருக்கின்றன. இதை முதன்முதலில் லென்ஸில் பார்த்த அன்று வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மேலாநெல்லி என்று அழைக்கப்படும் பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸை ஒதுக்க லென்ஸ்கூட வேண்டாம். அதன் நடுத்தண்டிலேயே முழு இலைகள் சுற்றிச் சுற்றி வரும். அடி குறுகி நுனி அகன்ற, ஆப்பு வடிவ இலைகள். கூட்டிலை போன்ற சிறுகிளை ஏற்பாடே அதில் கிடையாது. லின்னேயஸ் சூட்டிய பெயர்தான் இதுவும், மதராஸ்பட்டணத்துச் செடி என்று பொருள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நாற்றுப் பண்ணைத் தொட்டியோடு வந்து சேரும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மஸ்கரீன் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பில்லாந்தஸ் டெனெல்லஸ் அது. இதழ் ஐந்து என்பதால் அமாரஸ் என்று ஏமாந்துவிடுவோம். காய் மயிரிழை போன்ற நீளக் காம்பில் ஊசலாடும். மகரந்தத்தாள்கள் ஐந்தும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும்.

*

டெபிலிஸ் பெயருக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சிலர் சோழமண்டலக் கரையின் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மருத்துவராக இருந்தவர் யாகோப் காட்ஃப்ரீட் கிளைன். அவர் சூட்டிய டெபிலிஸ் என்ற பெயரை பெர்லினில் இருந்த தாவரவியலாளர் வில்டனோ 1805இல் அச்சேற்றினார். அதாவது, கீழாநெல்லிக் கூட்டத்தில் ஒன்று தனி இனம் என்பதைக் காவிரிக் கழிமுகத்தில் நின்று பார்த்த ஒருவர் அப்போதே உணர்ந்திருந்தார்.

அந்த உணர்வு பிறகு மங்கிப்போயிற்று. கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ஹோர்டுஸ் மலபாரிகஸ் 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1690இல் வந்த 10ஆம் தொகுதியில் 'கிர்கநெலி' என்று ஒரு படம் இருக்கிறது. கீழார்நெல்லி என்ற மலையாளப் பெயர் டச்சுக்காரர் காதில் விழுந்த விதம் அது. லின்னேயஸ் 1753இல் பில்லாந்தஸ் நிரூரி என்று ஓர் இனத்தை அமைத்தபோது அமெரிக்கக் கண்டத்துச் செடியும் இந்தியச் செடியும் அவர் மனத்தில் ஒன்றாகவே இருந்தன. அதன் பின் இந்தியாவில் கீழாநெல்லியைக் கண்ட ஒவ்வொருவரும் நிரூரி என்றே எழுதினார்கள். 1887இல் வந்த ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் 5ஆம் தொகுதியிலும் நிரூரிதான். மருந்து நூல்கள், பாடநூல்கள், கல்லூரி வளாகத்துப் பெயர்ப்பலகைகள் எல்லாம் அதையே பின்பற்றின. இன்றும் பல பாட்டில்களில் அந்தப் பெயரைப் பார்க்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர். வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் குடும்பத்துக்கே கொடுத்தவர். மேற்கிந்தியத் தீவுகளின் பில்லாந்தஸ் இனங்களை 1950களில் ஆராய்ந்தபோது, லின்னேயஸின் நிரூரி என்ற பெயர் அமெரிக்கச் செடிக்கே உரியது என்று அவர் நிறுவினார். இந்தியாவில் நாம் நிரூரி என்று அழைத்தது வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் பொன் கடற்கரையில் தோன்னிங் சேகரித்து, 1827இல் கோபன்ஹேகனில் சூமாகர் விவரித்த அமாரஸ்தான் அதில் பெரும்பங்கு. அமாரஸோடு குழப்பப்பட்டு வந்த ஃபிரேட்டெர்னஸுக்கு 1955இல் வெப்ஸ்டரே பெயர் சூட்டினார். சகோதரன் என்ற பெயர் காரணத்தோடுதான் வந்தது. பிறகு 1985இல் மித்ராவும் ஜெயினும் இந்திய உலர்தாவரத் தொகுப்புகளை அலசி எழுதிய கட்டுரை, நம் நூல்களில் நிரூரி என்ற ஒரே பெயருக்குள் அமாரஸ், ஃபிரேட்டெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்கள் அடைபட்டுக் கிடந்ததைத் தெளிவாக்கியது.

இன்னொரு செய்தி பலருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமாரஸின் தாயகம் அமெரிக்கா என்றும், வணிகக் கப்பல்களோடு வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது என்றும் வெப்ஸ்டர் கருதினார். தாவரவியலார் பலரும் இதை ஏற்கிறார்கள். அப்படியானால் நம் பழைய வைத்தியம் கீழாநெல்லி என்றது இந்தக் கூட்டத்தின் எல்லா உறுப்பினர்களையும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பெரியம்மாவின் விதி அந்தக் கூட்டத்துக்கான விதி.

*

கூட்டத்தின் பெயர் போதாதா, எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். போதாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பரூக் புளும்பெர்க், வெங்கடேஸ்வரன் முதலானோருடன் சேர்ந்து கீழாநெல்லிச் சாற்றை அந்த வைரஸின் மேல் சோதித்தார். 1987இல் வெளியான கட்டுரையின் தலைப்பில் செடியின் பெயர் நிரூரி. 1988இல் சென்னை நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு லான்செட் இதழில் வந்தது. எஸ்.பி. தியாகராஜன் முதல் ஆசிரியர். வெங்கடேஸ்வரனும் புளும்பெர்க்கும் அதிலும் இருந்தார்கள். இந்தத் தலைப்பில் பெயர் அமாரஸ். ஒரே ஆண்டு இடைவெளியில் பெயர் திருந்தியிருக்கிறது.

அந்த 1988 ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 200 மில்லிகிராம் உலர்ந்த பொடி, நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்றும், வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது என்றும் அது சொன்னது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 1990இல் தாய்லாந்திலிருந்தும் 1994இல் நியூசிலாந்திலிருந்தும் இல்லை என்றே பதில் வந்தது. சீனாவில் அமாரஸ், நிரூரி என்று பெயரிடப்பட்ட ஒன்று, யூரினாரியா என மூன்று செடிகளையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மேற்பரப்புப் புரதம் யாருக்கும் மறையவில்லை. ஆனால் வைரஸின் இன்னொரு புரதம் மறைந்தது யூரினாரியா உண்டவர்களிடம்தான் அதிகம். மூன்றையும் கீழாநெல்லி என்ற ஒரே சொல்லால் எழுதியிருந்தால் அந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இத்தனைக்கும் பிறகு நான் எடுத்துக்கொண்ட நிலை இது: இந்த வைரஸைக் கீழாநெல்லி போக்கிவிடும் என்று நம்பி மருத்துவரைத் தவிர்ப்பது ஆபத்து. எந்தச் செடி எதற்கு எவ்வளவு உதவும் என்பதை அறிய வேண்டுமானால் முதல் படி, கையில் இருப்பது எந்தச் செடி என்று அறிவதுதான். பில்லாந்தின் என்ற வேதிப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், கீழாநெல்லியின் தரத்தை அளக்கப் பயன்படுத்துவது அது. அமாரஸில் நிறைய இருக்கிறது. இனம் மாறினால் அளவும் வெகுவாக மாறிவிடுகிறது. பொடியாக்கிய பின் கண்ணால் எதையும் பிரிக்க முடியாது.

கடைகளில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் செடியின் அமைப்பாலும், பசுங்கணிகத்தின் ஒரு டி.என்.ஏ. துண்டாலும் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 76 விழுக்காட்டுக் கடைகளில் பெரும்பாலும் அமாரஸே இருந்தது. மற்றவற்றில் டெபிலிஸ், ஃபிரேட்டெர்னஸ், யூரினாரியா, மதராஸ்படென்சிஸ், கேரளத்திலிருந்து விவரிக்கப்பட்ட கோழிக்கோடியானஸ் என ஐந்து இனங்கள் கிடைத்தன. யாரும் வேண்டுமென்றே கலப்படம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வயலில் சேர்ந்து முளைத்தது கட்டிலும் சேர்ந்து வருகிறது. பெரியம்மாவின் மடியில் நடந்ததுதான் கடையிலும் நடக்கிறது. பறிக்கிறவர்களுக்குக் கூலி எடைக்குத்தான் என்கிறபோது, கிளையைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? பறிக்கும் பெண்களில் ஊருக்கு ஒருவருக்கு ஒரு கை லென்ஸும் ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செடிகளைக் கண்டறியும் கண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

*

பேரனின் ரிப்போர்ட் மறுநாள் வந்தது. ஹெபடைடிஸ் ஏ. கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவும் வகை. ஓய்வும் ஆகாரமும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுவது. அந்தச் சில வாரங்களில் எதை அரைத்துக் கொடுத்தாலும் குணமான பெருமை அதற்குப் போய்ச் சேரும். இதையும் பெரியம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னபடி தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தொடங்கினார். "நம்ம மனசுக்கு இதுவும் இருக்கட்டும்" என்று ஒன்பது செடியை மட்டும் கேட்டு வாங்கிப் போனார்.

மிச்சம் ஐந்து செடிகளும் செய்தித்தாளின் மேல் இரவு முழுக்கக் கிடந்தன. காலையில் பார்த்தால் தாள் முழுக்கப் பொடிப் பொடியாக ஏதோ இறைந்து கிடந்தது. காய்கள் காய்ந்து வெடித்திருந்தன. இந்தக் காய்கள் மூன்று அறையும் ஒருசேரப் பிளந்து விதைகளைச் சுண்டி எறிந்துவிடும். அறைக்கு இரண்டு, காய்க்கு ஆறு விதை. ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளையின் வடிவம், ஒரு மில்லிமீட்டர் நீளம்.

டெபிலிஸும் யூரினாரியாவும் கலந்து கிடந்தன. ஊசி முனையால் ஒரு விதையை ஒதுக்கி லென்ஸுக்குக் கீழே கொண்டுவந்தேன். முதுகில் மேலிருந்து கீழாக, உழுத சால் போல நேர்வரிகள். டெபிலிஸ். அடுத்த விதையில் வரிகள் குறுக்கே ஓடின, பன்னிரண்டுக்குக் குறையாமல், அலை அலையாக. யூரினாரியா. காலை வெயில் திண்ணைக்கு வரும்வரை நேர்வரி ஒரு பக்கம், குறுக்குவரி ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டு தனித்தனிக் காகிதப் பொட்டலங்களில் மடித்து, தேதியும் கத்தரிப் பாத்தி வரப்பு என்ற இடமும் எழுதி வைத்தேன்.